ஆருக்கு வீடு?

அத்திவாரத்துக்கு மண் வெட்டத் தொடங்கி அரை மணித்தியாலம் ஆகவில்லை, அதற்குள் ஏழு பேர் வேலியில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். "ஆருக்கு வீடு?" ஆரையம்பதியில் கல்லும் மணலும் லொறியில் வந்து பறித்த இடத்தில் வேறு கேள்வி கிடையாது. எத்தனை அறை, கூரை ஓடா சீற்றா என்பதெல்லாம் பிறகு. அங்கே வீடு என்றால் அது ஒரு பெண்பிள்ளைக்கு. மகள் கல்யாணம் முடித்தால் தாய் தன் வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின் வளவில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டும். கட்டினவளே கடைசிவரை அந்த வீட்டில் இருப்பாள் என்று அந்த ஊரில் நாய்கூட நினைக்காது.

தெய்வமணி ஏழு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். "எனக்கு." ஏழு பேரும் சிரித்தார்கள். "மிஸ்ஸி பகிடி விடுறா," என்றார்கள். பகிடியாம்! முப்பத்திநாலு வருடம் அரசாங்க மருத்துவமாதுவாகச் சைக்கிள் மிதித்தவள், வேலியில் நின்ற ஏழு பேரில் நாலு பேரைத் தன் கையாலேயே பூமிக்கு இறக்கியவள், அறுபது வயதில் ஓய்வு பெற்று, தாய்வழியில் வந்த துண்டுக் காணியில், வாவிக்கரையில், இரண்டு அறை வைத்து ஒரு வீடு கட்டுகிறாள். அதில் தானே இருக்கப்போகிறேன் என்று சொன்னால் அது பகிடி.

மேசன் சரீப்பும் கேட்டார். காத்தான்குடி மனிதர், நல்ல வேலைக்காரர். "அது சரி மிஸ்ஸி, மகளுக்கா பேத்திக்கா ஊடு?"

"உங்களுக்குக் காது கேக்காதா? எனக்கு!"

சரீப் தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். அவர் தன் நாலு பெண்பிள்ளைகளுக்கும் நாலு வீடு தன் கையாலேயே கட்டிக் கொடுத்துவிட்டு, கடைசி மகள் வீட்டின் பின்பக்கத்தில் விறகுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிறவர். "சரி, நீங்க சொன்னாச் சரி," என்றார். ஆனால் நம்பவில்லை. கட்டுகிற மேசனே நம்பாத வீடு எப்படி எழும்பும் சொல்லுங்கள்!

தெய்வமணிக்குக் கோபம் பிறவிக் குணம் அல்ல. சின்ன வயதில் அவள் சாதுவான பிள்ளை. சொன்னதைக் கேட்கிற பிள்ளை. பெரியபிள்ளை ஆனால் சந்தோசம் வரும் என்றார்கள், ஆனாள். கல்யாணம் முடித்தால் வரும் என்றார்கள், முடித்தாள். கல்யாணத்துக்கு முன் ஒரு திருகுதாளம் நடந்தது. அவள் பிறந்தது மூல நட்சத்திரம். பெண் மூலம் நிர்மூலம் என்று பழமொழி சொல்லியே பெண்பிள்ளைகளைக் குமராக வைத்திருக்கிற ஊர் அது. தாய் அன்னப்பூரணி சாதகம் எழுதுகிறவரைப் பிடித்து மூலத்தைப் பூராடம் ஆக்கி, "செத்தாலும் வாய் திறக்கப்படாது," என்று மகளிடம் சத்தியம் வாங்கினாள். அன்றிலிருந்து தெய்வமணி பூராடம். கோயிலில் அர்ச்சனை செய்தால் புருசன் பெயருக்கும் பிள்ளை பெயருக்கும் மட்டும்தான் செய்வாள். சாமியிடம் பொய் நட்சத்திரம் சொல்ல வாய் வராது, மெய்யைச் சொல்லத் தைரியம் வராது.

கல்யாணத்தோடு அன்னப்பூரணியின் வீடு தெய்வமணிக்கு வந்தது. கடற்கரைப் பக்கத்தில் நல்ல கல்வீடு. அன்னப்பூரணி பின் வளவுக் கொட்டிலுக்குப் போனாள். பதினொரு வருடம் அதற்குள் இருந்து அதற்குள்ளேயே கண்ணை மூடினாள். அது முறைதானே, ஊரெல்லாம் நடக்கிறதுதானே என்று தெய்வமணியும் சோற்றை மூடிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள்.

பிறகு தொண்ணூறாம் ஆண்டு, பொடியன்கள் பெட்டைகள் என்று பாராமல் வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கேட்ட பொல்லாத காலம், ஒரே மகள் றஞ்சிதாவுக்குப் பதினெட்டு வயதிலேயே அவசரம் அவசரமாகக் கல்யாணம் முடித்து வைத்தாள். வீடு றஞ்சிதாவுக்குப் போனது. தெய்வமணியும் புருசன் கனகசூரியமும் அதே பின் வளவுக்குப் போனார்கள். சங்கக்கடை மனேச்சர் கனகசூரியம், பசுமாதிரி மனிதர். "புள்ளைக்குக் குடுத்தாச்சு, இனி நமக்கென்ன கவலை," என்று கயிற்றுக் கட்டிலில் கிடந்து றேடியோ கேட்பார்.

இதற்கிடையில் சொல்லக்கூடாத ஒன்று உண்டு. தெய்வமணி சந்தோசமாக இருந்த காலம் ஒன்று இருந்தது, அது யுத்த காலம். அவளுக்கு வேலை வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். மண்முனைத் துறையில் பாதை ஏற வேண்டும். பாதை என்று அங்கே சொல்வது ஆளும் சைக்கிளும் மாடும் ஏறுகிற தட்டைப் படகை. இந்தக் கரையில் ஆமி பையைக் கொட்டிப் பார்ப்பான், அந்தக் கரையில் இயக்கப் பொடியன்கள் கேள்வி கேட்பார்கள். இரண்டுக்கும் நடுவில், தண்ணீரில், ஒரு கால் மணித்தியாலம். அந்தக் கால் மணித்தியாலத்தில் அவளை எவரும் மகளே என்றோ அம்மா என்றோ கூப்பிடுவதில்லை, எவருக்கும் ஒன்றும் அவிக்க வேண்டியதில்லை. வெயில் தலையில் விழும், காற்று சீலையை இழுக்கும், அக்கரையில் எவளோ ஒருத்தி வலியோடு அவளை எதிர்பார்த்துக்கொண்டு கிடப்பாள். சைக்கிள் ஹான்டிலைப் பிடித்துக்கொண்டு தெய்வமணி தனக்குள் பாட்டு முணுமுணுப்பாள். ஊரெல்லாம் செத்த வீடாகக் கிடந்த நேரத்தில் நான் சந்தோசமாக இருந்தேன் என்று ஆரிடம் சொல்வது? வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோபம் வந்த நாளைத் திகதியோடு சொல்லலாம். இரண்டாயிரத்து நாலு, மார்கழி இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் பின்னேரம் போன பிரசவம் விடிய முடிந்தது. அவள் துறைக்கு வந்தபோது பாதை ஓடவில்லை. கடல் வந்துவிட்டது என்றார்கள். கடல் எங்கே வருவது, அது அங்கேதானே கிடக்கிறது என்று அவள் திட்டினாள். தோணி ஒன்றைப் பிடித்து வீடு போய்ச் சேர மத்தியானம் ஆனது. கல்வீட்டின் சுவர் இரண்டு இடிந்திருந்தது, ஆனால் மேலே கொங்கிறீற் பிளாட் அடித்த துண்டு நின்றது. றஞ்சிதாவும் புருசனும் மகள் நிலக்சியும் அதில் ஏறித் தப்பியிருந்தார்கள். பின் வளவில் கொட்டில் இருந்த இடத்தில் ஒரு கப்புக்கம்புகூட இல்லை. கனகசூரியத்தை மூன்றாம் நாள் வாவிப் பக்கத்துக் கண்ணாமரப் பற்றைக்குள் எடுத்தார்கள். வீட்டைக் கொடுக்காமல் இருந்திருந்தால் அந்த மனிதன் அந்தப் பிளாட்டில் ஏறியிருப்பான். இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தெய்வமணிக்கு மட்டும் அடிவயிற்றில் அது கொள்ளிக்கட்டையாகக் கிடந்தது.

நிவாரண வீடு கொடுக்க வந்தவர்கள் கையில் ஒரு படிவம். "ஒரு வளவுக்கு ஒரு வீடு," என்றான் எழுதுகிற பிள்ளை. "நாங்க ரெண்டு அடுப்பு," என்றாள் தெய்வமணி. "அம்மா, பின்னால இருந்தது வீடில்லத்தானே, கொட்டில்தானே," என்றான். குடும்பத் தலைவர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் மருமகன் பெயரை எழுதினான். தாய்வழியாக எத்தனையோ தலைமுறை பெண் பெயரில் வந்த வளவு, பேனையை ஒரு இழுவை இழுத்ததில் ஆம்பிளை பெயருக்குப் போனது. றஞ்சிதா கையொப்பம்கூட வைக்கவில்லை. கேட்கவுமில்லை. தெய்வமணிக்குப் புது வீட்டு முன் மண்டபத்தில் ஒரு மூலை கிடைத்தது, மறைப்புக்கு ஒரு பூப்போட்ட திரைச்சீலை.

இரண்டாயிரத்து ஒன்பது ஆனி மாதம் அவளுக்குப் பிரியாவிடை வைத்தார்கள். யுத்தம் முடிந்து ஒரு மாதம். வடை, கேக், பன்னீர்ச் செம்பு எல்லாம் இருந்தது. கொழும்பிலிருந்து ஒருவர் வந்து சுவரில் படம் காட்டிப் பேசினார். வாழ்க்கையின் ஒவ்வொரு பருவத்திலும் மகிழ்ச்சியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று தலைப்பு. குழந்தைக்கு ஒரு பூ, வாலிபத்துக்கு ஒரு பூ, கிழவிக்கு ஒரு பூ என்று படம் மாறிக்கொண்டே போனது. "சுனாமியும் போச்சுது, யுத்தமும் முடிஞ்சுது, இனி உங்களுக்கு ஓய்வு. மகிழ்ச்சி வெளியில இல்லை அம்மா, மனசுக்குள்ளதான் இருக்கு," என்றார்.

தெய்வமணி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். "தம்பி, நீங்க ராவைக்கு எங்க படுப்பீங்க?"

அவர் திகைத்து, ஹோட்டல் பெயரைச் சொன்னார்.

"நான் மண்டபத்து மூலையில படுக்கிறன். மருமகன் ரீவி பாத்து முடிஞ்சாத்தான் எனக்கு நித்திரை. மனசுக்குள்ள சந்தோசம் இரிக்கட்டும், நான் எங்க இரிக்கிற? அதுக்கு ஒரு படம் வைச்சிரிக்கீங்களா?"

மிஸ்ஸிக்குப் பிரிவுத் துயரம் என்று சொல்லி, கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அடுத்த வருடம் அத்திவாரம் வெட்டினாள்.

சுவர் முழங்காலளவு எழும்பியபோதுதான் றஞ்சிதாவின் வேலை வெளியே வந்தது. தாய் "எனக்கு" என்று சொன்னதை அவளும் பகிடியாகத்தான் எடுத்திருந்தாள். நிலக்சிக்கு வயது பத்தொன்பது. களுவாஞ்சிகுடியில் துசாந்தன் என்று ஒரு மாப்பிள்ளை, அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். "வாவிக்கரையில வீடு எழும்புது, வந்து பாருங்க," என்று பேச்சுக்கால் வைத்தாயிற்று. வீடு எழும்புகிறதாம்! எழுப்புகிறவள் ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்.

தெய்வமணி பென்சன் எடுக்க மட்டக்களப்பு டவுனுக்குப் போயிருந்த நாள் பார்த்து மாப்பிள்ளையின் தாய் வந்து போயிருக்கிறாள். பின்னேரம் தெய்வமணி வந்து பார்த்தால், வீட்டுக்குப் பின்னால், கிணற்றுக்கு அந்தப் பக்கம், நாலு கம்பு அறைந்து கயிறு கட்டிக் கிடந்தது. எட்டுக்கு எட்டு.

"இது என்ன, சரீப்?"

சரீப் சாந்துச் சட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மாப்பிள்ளட உம்மா வந்தா, மிஸ்ஸி. உங்கட மகளும் நின்டா. குசினிய அகட்டச் சொன்னா. மறுகா, பின்னால ஒரு கொட்டில் போடச் சொன்னா."

"ஆருக்குக் கொட்டில்?"

சரீப் சாந்தைக் கிளறினார்.

"ஆருக்கு எண்டு கேக்கிறன்! வீட்டுக்கெல்லாம் ஆருக்கு ஆருக்கு எண்டு கேப்பீங்களே, இதுக்கு ஏன் கேக்கல்ல?"

"உங்களுக்குத்தான் மிஸ்ஸி," என்றார் சரீப். மனிதருக்கு முகம் செத்துப்போனது. "நான்... அது முறைதானே எண்டு நினைச்சிட்டன்."

தன் காணியில், தன் காசில், தான் கட்டுகிற வீட்டுக்குப் பின்னால் தனக்கே ஒரு கொட்டில்! தெய்வமணி சீலையைச் செருகிக்கொண்டு போய் முதல் கம்பைப் பிடுங்கினாள், வாவிக்குள் எறிந்தாள். இரண்டாவதையும் எறிந்தாள். மூன்றாவது ஆழமாக அறைந்திருந்தது, சரீப் ஓடிவந்து ஆட்டிக் கொடுத்தார். நாலாவதைக் கையில் எடுத்துக்கொண்டு, கயிறு பின்னால் இழுபட, றோட்டால் நடந்தாள். பார்த்தவர்கள் வழிவிட்டார்கள்.

றஞ்சிதா மண்டபத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிலக்சி பக்கத்தில் நின்றாள். தெய்வமணி கம்பை மேசையில் போட்டாள். மண் சிதறி மேசை விரிப்பெல்லாம் ஆனது.

"என்னம்மா இது, ஊர் பாக்க?"

"பாக்கட்டும். ஊர் வாயை மூட உலைமூடி நான் வைச்சிரிக்கல்ல. ஆரைக் கேட்டு எனக்குக் கொட்டில் அடிக்கிற?"

"அம்மா, நிலக்சிக்கு ஒரு வழி பண்ண வேணாமா? வீடில்லாம எவன் வருவான்? உங்களுக்குத் தனிய எதுக்கு ரெண்டு அறை?"

"எதுக்கா? ஒண்டில படுக்க, மத்ததில எழும்பி நடக்க! அறுவது வயசில எனக்கு ஒரு கதவு வேணும். உள்ளால சாத்துற கதவு. உனக்கு மகள்ல அவ்வளவு ஆசையெண்டா உன்ட வீட்டைக் குடன்!"

"இது அவர்ர பேர்ல இரிக்கி. அவர் குடுப்பாரா? குடுத்தாலும் நாங்க எங்க போற?" றஞ்சிதா துருவலையைத் தள்ளிவிட்டுக் கத்தினாள். "இந்த வயசில என்னைப் பின்னால கொட்டில்ல போய்க் கிடக்கச் சொல்றீங்களா? நாய் மாதிரி!"

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. நிலக்சி தாயைப் பார்த்தாள், பிறகு மேசையில் கிடந்த கம்பைப் பார்த்தாள்.

தெய்வமணி அந்த இடத்தில் நாலு வார்த்தை கேட்டு மகளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் வேறு ஒன்று வெளியே வந்தது. "நானும் செஞ்சன், புள்ள. என்ட அம்மாவைப் பதினொரு வருசம் பின்னால வைச்சன். கூரை ஒழுகுதா எண்டு ஒரு மாரிக்கும் கேக்கல்ல. உன்ட அப்பா அதுக்குள்ள கிடந்துதான் போனார். இனி ஒருத்தரும் அதுக்குள்ள போறல்ல. நானும் போகமாட்டன், நீயும் போகப்படாது."

நிலக்சி அழுதாள். "அப்ப என்ட கலியாணம்?"

"நான் செத்த பிறகு வீடு உனக்குத்தான், எழுதித் தாறன். உசிரோட இரிக்கக்க நீயும் வாறதெண்டா வா. முன் அறை எனக்கு, பக்கத்து அறை உனக்கு. அதுக்குச் சம்மதிக்கிறவன் வரட்டும்."

களுவாஞ்சிகுடிக்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்றுவரை யோசிக்கிறார்கள். நிலக்சி மூன்று கிழமை அம்மம்மாவோடு கதைக்கவில்லை. ஒருமுறை போட்டோவில் பார்த்தவனுக்காக இந்தக் கண்ணீரா என்று தெய்வமணிக்கு அதற்கும் கொதி வந்தது. ஆனால் இராத்திரிகளில் திரைச்சீலைக்குப் பின்னால் கிடந்து, அந்தப் பிள்ளை பாவம்தான் என்றும் நினைத்தாள். நினைத்தாலும் வீட்டை விடவில்லை.

வாசல் நிலை வைக்கிற நாள் வந்தது. வேலியில் பழைய ஏழு பேரும் இன்னும் கொஞ்சப் பேரும் நின்றார்கள். றஞ்சிதா வரமாட்டாள் என்றுதான் தெய்வமணி நினைத்திருந்தாள். வந்தாள். தட்டில் தேங்காயும் வெற்றிலையும் மஞ்சள் துணியும் கொண்டுவந்தாள். நிலக்சியும் உம்மென்ற முகத்தோடு பின்னால் வந்து நின்றாள்.

சரீப் மரநிலையைத் தூக்கி நிறுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார். "உங்கட ஆக்களுக்கு ஊட்டுக்காரிட பேரும் நட்சத்திரமும் சொல்லித்தானே நிலை வைக்கிற. சொல்லுங்க. ஆருக்கு ஊடு?"

தெய்வமணி வாயெடுப்பதற்குள் றஞ்சிதா முந்திக்கொண்டாள். "அம்மாக்கு. பேர் தெய்வமணி. நட்சத்திரம்..." அவள் நின்றாள். தாயின் பக்கம் திரும்பினாள். "அம்மா, உங்கட நட்சத்திரம் என்ன?"

முப்பத்தெட்டு வயது மகள். பெற்றவளின் நட்சத்திரம் தெரியாது. கேட்டதே இல்லை. தெய்வமணிக்கு முதலில் பற்றிக்கொண்டுதான் வந்தது. பிறகு, இப்போதாவது கேட்டாளே என்றும் இருந்தது. நாக்கு நுனியில் பழைய பூராடம் வந்து நின்றது. நாற்பது வருடமாகத் தயாராக நிற்கிற பொய்.

"மூலம்," என்றாள்.

வேலியில் ஒருத்தி "ஐயையோ" என்று மூச்சை இழுத்தது எல்லோருக்கும் கேட்டது. நிர்மூலம், கடல், கனகசூரியம் என்று அவர்கள் மனம் கணக்குப் போடுவது தெய்வமணிக்கு முகத்திலேயே தெரிந்தது. போடட்டும் என்று நிமிர்ந்து நின்றாள்.

றஞ்சிதாவுக்கும் அந்தப் பழமொழி தெரியும். அவள் தாயை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பி, மீன் விற்கிறவள் மாதிரிச் சத்தமாகச் சொன்னாள். "தெய்வமணி. மூல நட்சத்திரம். கேட்டுதா எல்லாருக்கும்? நிலையை வைங்க, சரீப் காக்கா."

சரீப் நிலையை இறக்கினார். தெய்வமணி தேங்காயை ஓங்கி அடித்தாள், அது மூன்றாகச் சிதறியது. கோபம் ஒன்றும் தீர்ந்துவிடவில்லை, படிவம் எழுதினவன்மேல், பூப்படம் காட்டினவன்மேல், தன்மேல், அப்படியேதான் இருந்தது. அதோடு சேர்ந்து சந்தோசமாகவும் இருந்தது, பாதையில் வாவியைக் கடந்த மாதிரி. சுவர் இடுப்பளவுதான், கூரை இல்லை, கதவும் இல்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நிலைக்குள்ளால் உள்ளே போனாள். நிலக்சி பின்னால் வர, "கால் கழுவிட்டு வா, புள்ள, இது என்ட வீடு," என்றாள்.